வட்டி இல்லாத பணத்தின் விலை

கோவையிலோ திருப்பூரிலோ தொழில் நடத்தும் ஒருவரிடம் போய், "ஒரு பணம் இருக்கிறது. வட்டி கிடையாது. வீட்டுப் பத்திரம், நகை, ஜாமீன் எதுவும் வேண்டாம். தொழில் படுத்துவிட்டால் திருப்பித் தரவும் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கொடுக்கிறவனுக்கு இதில் என்ன லாபம்?" என்பார். ஸ்டார்ட்அப் தொடங்குகிற இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள். சிலர் கையெழுத்துப் போட்டபிறகு.

அந்தப் பணத்தின் பெயர் வென்ச்சர் கேபிட்டல். தமிழில் துணிகர முதலீடு என்கிறோம். தொழில் வட்டாரத்தில் 'விசி பணம்'. இன்ன நிறுவனம் இத்தனை கோடி திரட்டியது என்று நாளிதழ்கள் நிறுவனர்களின் படத்தோடு செய்தி போடுகின்றன. ஈரோட்டில் ஒரு மில் அதிபர் வங்கியில் 50 கோடி கடன் வாங்கினால் யாரும் படம் போடுவதில்லை. இரண்டுமே பணம் வாங்கிய செய்திதான். ஒன்றை மட்டும் ஏன் சாதனையாக எழுதுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் டோரியோ. பிரான்சில் பிறந்தவர், ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தவர். 1946-ல் பாஸ்டனில் ஏஆர்டி என்ற முதலீட்டு நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். பணக்காரக் குடும்பங்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களின் தொழிலில் பணம் போடுவது முன்பே இருந்ததுதான். பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டி, முன்பின் தெரியாத இளைஞர்களின் புதுத் தொழிலில் போடுவதை ஒரு முறையான வேலையாகவே ஏஆர்டி ஆக்கியது.

1957-ல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்திலிருந்து இரண்டு பொறியாளர்கள் அங்கே வந்தார்கள். கணினி செய்து விற்கப்போகிறோம் என்பதுதான் திட்டம். ஆனால் திட்ட அறிக்கையில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் வரவே கூடாது என்று அவர்களுக்கு யோசனை சொல்லப்பட்டது. பெரிய நிறுவனங்களே கணினியில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெயரைக் கேட்டாலே ஏஆர்டியின் இயக்குநர்கள் பயந்துவிடுவார்களாம். அதனால் நிறுவனத்தின் பெயரே டிஜிட்டல் எக்விப்மென்ட் ஆயிற்று. ஏஆர்டி போட்டது 70,000 டாலர். அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டது நிறுவனத்தில் 70 சதவீதத்துக்கும் மேல். மேனார்டு என்ற ஊரில் ஒரு பழைய கம்பளி மில்லின் மூலையில் வேலை தொடங்கியது. 15 ஆண்டுகளுக்குள் அந்தப் பங்கின் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டியது. ஏஆர்டியின் மற்ற முதலீடுகள் பெரும்பாலும் சுமார்தான். ஒன்றே ஒன்று மொத்தக் கணக்கையும் தூக்கி நிறுத்தியது. இந்தத் தொழிலின் சூத்திரம் இன்றைக்கும் இதுதான்.

திருப்பூர்க்காரரின் கேள்விக்கு இனி கணக்கோடு பதில் சொல்லலாம். விசி நிறுவனம் போடுவது பெரும்பாலும் தன் சொந்தப் பணமில்லை. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெருங்குடும்பங்கள் ஆகியோரிடம் திரட்டுகிறது. இந்தியாவில் மத்திய அரசும் 2016-ல் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக இத்தகைய ஃபண்டுகளில் போட்டது. ஒரு ஃபண்டின் ஆயுள் வழக்கமாகப் பத்து ஆண்டு. நடத்துகிறவர்களுக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் கட்டணம், கடைசியில் லாபத்தில் 20 சதவீதம்.

நூறு கோடி ரூபாய் ஃபண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுக் கட்டணம் போகக் கையில் ஏறத்தாழ 80 கோடி. இருபது நிறுவனங்களுக்கு 4 கோடி வீதம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் 20 சதவீதப் பங்கு எடுக்கிறார்கள். பாதி மூழ்கிவிடும் என்று அவர்களே எதிர்பார்க்கிறார்கள். இன்னும் சில போட்ட பணத்தைத் தந்தால் அதிகம். ஆகவே ஜெயிக்கும் ஒரு நிறுவனம் தனியாளாக நூறு கோடியையும் மீட்டுத் தர வேண்டும். இடையில் அந்த நிறுவனம் மேலும் பணம் திரட்டும்போது புதுப் பங்குகள் சேர்ந்து, ஃபண்டின் 20 சதவீதம் 10 ஆகக் குறைந்திருக்கும். 10 சதவீதப் பங்கு 100 கோடி தர வேண்டுமென்றால் நிறுவனம் 1,000 கோடிக்குப் போக வேண்டும்.

அதே நிறுவனத்தை நான்காம் ஆண்டில் யாரோ 50 கோடிக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதம் வைத்திருக்கும் நிறுவனருக்கு 30 கோடி. குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். ஃபண்டுக்குக் கிடைப்பது 10 கோடி. போட்டதற்கு இரண்டரை மடங்குதான், ஆனாலும் நூறு கோடிக் கணக்கில் பத்தில் ஒன்று. அவர்கள் வேண்டாம் என்பார்கள். விசி பணம் இடையில் எங்கும் நிற்காத ரயில். விழுப்புரத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று பாதி வழியில் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஐந்து கோடி நிம்மதியாக லாபம் தரும் தொழிலை நடத்தத்தான் ஆசை என்றால், இந்தப் பணம் உங்களுக்கு உரியதே இல்லை. அந்த ஆசையில் எந்தக் குறையும் கிடையாது. சிவகாசியும் கரூரும் அப்படித்தான் எழுந்து நின்றன, வங்கிக் கடனிலும் சொந்தக்காரர் பணத்திலும்.

பணம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழிக்கே நிறுவனம் திரும்பும் என்பதைக் காட்ட, சென்னையிலேயே ஒரு ஜோடி இருக்கிறது: ஜோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும்.

ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியதுதான் பின்னால் ஜோஹோ ஆனது. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றார்கள். 2000-01ல் அமெரிக்காவில் டாட்காம் குமிழி உடைந்தபோது அந்த வாடிக்கையாளர்களே காணாமல் போனார்கள். அந்த நேரத்தில் விசி பணம் உள்ளே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? விற்றுவிடு, இல்லை மூடிவிடு என்று இயக்குநர் குழுவில் குரல் எழுந்திருக்கும் என்பது என் ஊகம். கேட்பதற்கு ஆள் இல்லாததால் அவர்கள் கையிலிருந்த சேமிப்பில் ஓட்டி, மேனேஜ்என்ஜின், பிறகு ஜோஹோ மென்பொருள்கள் என்று மெதுவாகத் திரும்பினார்கள். விசி பணம் வாங்குவதில்லை என்பதை வேம்பு கொள்கையாகவே வைத்திருக்கிறார். 2022-23ல் நிறுவனத்தின் நிகர லாபம் 2,800 கோடி ரூபாய்க்கு மேல். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைப்பது போன்ற முடிவை எந்த முதலீட்டாளரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த ஜோஹோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்தான் திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம். அமெரிக்காவின் ஜென்டெஸ்க் நிறுவனம் விலையை ஏற்றியபோது வாடிக்கையாளர்கள் கொதித்ததை இணையத்தில் படித்தவர், வாடிக்கையாளர் சேவை மென்பொருளில் இடம் காலியாகிறது என்று கணித்தார். 2010-ல் சக ஊழியர் ஷான் கிருஷ்ணசாமியோடு வெளியே வந்து, பின்னால் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆன ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. 2011-ல் விசி நிறுவனமான அக்செல் 10 லட்சம் டாலர் போட்டது. அடுத்த ஆண்டே டைகர் குளோபல் சேர்ந்துகொண்டது. பிறகு கூகுளின் முதலீட்டுக் கிளை, செக்கோயா.

அவர் ஏன் தன் பழைய முதலாளியின் வழியில் போகவில்லை? சந்தாவாக விற்கும் மென்பொருளில் செலவு முன்னால் வரும், வரவு மாதாமாதம் சொட்டும். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க இன்று செலவழித்ததை மீட்கவே ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். எதிரில் நின்ற ஜென்டெஸ்க்கும் விசி பணத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சேமித்துச் சேமித்துப் போவதற்குள் சந்தை முடிந்திருக்கும். ஆக, அவர் செய்தது சரியான கணக்கு.

2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இறங்கியது. அந்த ஏற்பாட்டுக்கு உள்ளுக்குள் வைத்த பெயர் 'ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்'. கிரீஷ் ரஜினி ரசிகர். வெளியீட்டு விலை 36 டாலர். முதல் நாள் முடிவில் நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 1,300 கோடி டாலர். இந்தியாவில் வேலை பார்த்த ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், ஈசாப் எனப்படும் ஊழியர் பங்குத் திட்டத்தால். பங்குச்சந்தைக்கு வராத நிறுவனத்தின் ஊழியருக்கு இப்படி ஒரு நாள் வருவதில்லை. விசியைத் திட்டுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதே ஆவணங்களில் இன்னொன்றும் இருந்தது. அக்செலும் டைகர் குளோபலும் ஆளுக்கு ஏறத்தாழ கால் பங்கு வைத்திருந்தன. தொடங்கியவரிடம் மிஞ்சியது 10 சதவீதத்துக்கும் குறைவு. நஷ்டம் என்று இதைச் சொல்ல முடியாது, 1,300 கோடி டாலரில் அது பெரும் பணம். ஆனால் யாருடைய நிறுவனம் என்ற கேள்விக்கு விடை மாறிவிட்டது.

பங்கு குறைவது எல்லோருக்கும் கண்ணில் படும். ஒப்பந்தத்தின் உள்ளே இருப்பதுதான் படாது. டேர்ம் ஷீட் என்று முதலில் வருகிற சில பக்கத் தாளில் இளைஞர்கள் வேல்யுவேஷன் எனப்படும் நிறுவன மதிப்பு எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். இந்தியாவில் விசிகள் சாதாரணப் பங்கு வாங்குவது அரிது. கட்டாயமாகப் பிற்பாடு சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கையே வாங்குகிறார்கள். நிறுவனம் விற்கப்பட்டால் முதலில் அவர்கள் பணம், பிறகுதான் மற்றவர்கள். மொத்தம் 40 கோடி போட்டுப் பாதிப் பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர்கள், நிறுவனம் 60 கோடிக்கு விலைபோனால் பாதியான 30 கோடியை எடுக்க மாட்டார்கள். போட்ட 40 கோடியைத் திரும்ப எடுப்பார்கள். நிறுவனருக்கும் ஊழியர்களுக்கும் 20. ஒப்பந்தத்தில் 'பார்ட்டிசிபேட்டிங்' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால், 40-ஐ எடுத்தபின் மீதி 20-லும் பாதி அவர்களுக்கு. 60 கோடிக்கு விற்ற நிறுவனத்தில் உழைத்தவர்கள் எல்லோருக்குமாக 10 கோடி! ஒரு சொல்லின் விலை 10 கோடி ரூபாய். வக்கீல் செலவைப் பார்த்துச் சுருங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

இன்னும் உண்டு. நிறுவனரின் சொந்தப் பங்கே நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவருக்கு உரியதாகும்; நடுவில் போனால் மீதி போச்சு. புதிய கடன், பெரிய சம்பளம், நிறுவன விற்பனை எல்லாவற்றுக்கும் முதலீட்டாளர் சம்மதம் வேண்டும். டிராக் அலாங் என்ற பிரிவு இருந்தால், அவர்கள் விற்கத் தீர்மானிக்கும்போது நீங்களும் சேர்ந்து விற்றாக வேண்டும்.

பணம் அதிகமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் போதும். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு. 2024-ல் திவால் நடவடிக்கை; முதலீட்டாளரான புரோசஸ் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது. நிர்வாகத் தவறுகள் பேசப்பட்ட அளவுக்கு, வளர்ச்சி வளர்ச்சி என்று கதவைத் தட்டிக் கொடுத்த பணத்தின் பங்கு பேசப்படவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, விசி பணமே வேண்டாம் என்றால் அது பொய்யாகிவிடும். ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மாஸைப் பாருங்கள். 2017-ல் தொடங்கியது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய ராக்கெட் இன்ஜினை, ஸ்ரீஹரிகோட்டாவில் தானே அமைத்த ஏவுதளத்திலிருந்து 2024 மே 30 அன்று பறக்கவிட்டது. ஏழு ஆண்டு. அதுவரை விற்பனை என்று சொல்ல எதுவும் இல்லாத தொழிலுக்கு எந்த வங்கி மேலாளர் கடன் கொடுப்பார்? கொடுக்காதது அவர் குற்றமும் இல்லை. அது டெபாசிட்தாரர் பணம். ஜெயித்தால் நூறு மடங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்கிற வேலைக்கென்றே பிறந்த பணம் விசி பணம். இட்லி மாவு, டியூஷன், வாடகை கார் எல்லாவற்றையும் ராக்கெட்டாக நினைத்து அதைக் கொட்டியதில்தான் கோளாறு. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புகூட டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் ஆரம்ப உதவிக்கு ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பணத்துக்காவது பத்து ஆண்டுக் கெடு நெருக்குவதில்லை.

2024 நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேரை வெளியேற்றியது. அதே வேளையில் 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே வாங்கப்போவதாகவும் அறிவித்தது. வேம்பு பெயர் சொல்லாமல், இது அப்பட்டமான பேராசை என்ற பொருளில் சமூக வலைத்தளத்தில் எழுதினார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் 36 டாலருக்கு வாங்கிவிட்டு, விலை பாதிக்கும் கீழே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பங்குதாரர்கள் அவருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வாங்க மறுக்கும் வேம்பு கொடுக்க மறுப்பதில்லை. மனிதர்கள் இறங்காமல் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் ரோபோ செய்கிற திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸில் 2022-ல் ஜோஹோ 20 கோடி ரூபாய் போட்டது. கிரீஷும் இப்போது டுகெதர் ஃபண்ட் வழியே அடுத்த தலைமுறைக்கு முதலீட்டாளர். இருவரில் யாரிடம் போனாலும், வேறு எவரிடம் போனாலும், பணம் கேட்கிறவர் திருப்பிக் கேட்க வேண்டியவை சில உண்டு. "உங்கள் ஃபண்ட் எந்த ஆண்டு தொடங்கியது?" என்பது முதலாவது. ஏழாம் ஆண்டில் இருக்கும் ஃபண்டிலிருந்து வாங்கினால் மூன்றாம் ஆண்டிலேயே 'எக்ஸிட் எப்போது', அதாவது பங்கை விற்று வெளியேறுவது எப்போது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். அடுத்து, அவர்கள் பணம் போட்டு மூடிப்போன நிறுவனங்களின் நிறுவனர்கள் இரண்டு பேரின் போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், வேறு முதலீட்டாளரைத் தேடுங்கள்.