காபித் தோட்டத்தை அளக்க செல்போன் போதுமா, ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டுமா?

ஏற்காடு, சேர்வராயன் மலைக் காபி விவசாயிகளிடம் இப்போது தோட்டத்தின் இருப்பிடத்தைக் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம்தான் காரணம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்க முடியாது. ஒவ்வொரு நிலமும் எங்கே இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். அமலாகும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும், வாங்கும் வியாபாரி கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

நிலம் 4 ஹெக்டேர் (ஏறக்குறைய 10 ஏக்கர்) வரை என்றால் ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் சுற்றிக் குறிக்க வேண்டும். உங்களிடம் மூன்று ஏக்கர் இருந்தால் கருவி வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தோட்டத்தின் நடுவில் திறந்த இடத்தில் நின்று செல்போனில் ஒரு புள்ளி எடுத்தால் வேலை முடிந்தது.

சிக்கல் எல்லையைச் சுற்றி வருபவர்களுக்குத்தான். நம் தோட்டங்களில் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, பலா என்று நிழல் அடர்த்தி அதிகம். மூடுபனி செயற்கைக்கோள் சிக்னலைத் தடுக்காது. நனைந்த இலைகள் தடுக்கும். வெட்டவெளியில் 5 மீட்டருக்குள் காட்டும் போன், மரத்தடியில் 10, 15 மீட்டர்கூட விலகும். ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 64 மீட்டர். நாலு பக்கமும் 5 மீட்டர் வெளியே போனால் கணக்கில் 1.35 ஏக்கர் வந்துவிடும். பத்து ஏக்கரிலும் அதே பிழை ஓர் ஏக்கரைக் கூட்டிவிடும். அதைவிட ஆபத்து, காப்புக்காட்டை ஒட்டிய தோட்டத்தில் கோடு காட்டுக்குள் விழுவது. அப்புறம் அது காடல்ல என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

கைக்கருவியின் ஆன்டெனா பொதுவாக மரத்தடியில் கொஞ்சம் நிதானமாகப் பிடிக்கும். இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு நாள் ஓடும், மழையில் நனைந்தாலும் பிரச்சினை இல்லை, ஈரக் கையால் பட்டனை அழுத்தலாம். ஆனால் பல ஆயிரம் ரூபாய். வருடத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒருவர் வாங்குவது வீண்; உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று வாங்கி வைத்தால் அர்த்தம் உண்டு. எல்1, எல்5 என இரண்டு அலைவரிசை பிடிக்கும் புதிய போன்கள் பழைய கைக்கருவியை மிஞ்சுவதும் உண்டு.

எதை எடுத்தாலும் அளக்கும் முறைதான் முக்கியம். மரத்தடியில் நடந்துகொண்டே பதிவு செய்தால் கோடு கோணல்மாணலாக வரும். சர்வே கல், வேலி முனை என்று ஒவ்வொரு மூலையிலும் இரண்டு மூன்று நிமிடம் நின்று, துல்லியம் 5 மீட்டருக்குக் கீழ் வந்த பிறகு புள்ளி வையுங்கள். நிழல் மரக் கிளை கழித்த பின், காய்ந்த நாளில் அளப்பது நல்லது. டவர் இல்லாவிட்டாலும் போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடம் மட்டும் வராது. கீழே இருக்கும்போதே அதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

கைக்கருவி வைத்திருப்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் டிகிரி, நிமிடம் என்று காட்டும். சட்டம் கேட்பது டிகிரி தசமம். 11 டிகிரி 46.5 நிமிடம் என்பது 11.775. அதை 11.465 என்று எழுதினால் உங்கள் தோட்டம் 34 கிலோமீட்டர் தெற்கே, ராசிபுரம் பக்கம் போய்விடும்! அமைப்பில் தசமத்துக்கு மாற்றிவிடுங்கள். புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் கேட்பார்கள். ஆறாவது இலக்கம் 11 சென்டிமீட்டர்தான். அவ்வளவு துல்லியம் போனிலும் இல்லை, கைக்கருவியிலும் இல்லை. இலக்கத்தை எழுதுங்கள், நம்பிவிடாதீர்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு எல்லைத் தகராறு என்றால் இந்த இரண்டையும் காட்டாதீர்கள். அதற்குப் புலப்படமும் தாலுகா சர்வேயரும்தான். சரிவில் சங்கிலி போட்டு அளந்ததைவிட ஜி.பி.எஸ். பரப்பு குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். அது சமதளப் பரப்பைக் கணக்கிடுகிறது, பட்டாவில் இருப்பதும் அதுதான். 30 டிகிரி சரிவில் 100 மீட்டர் நடந்தால் சமதளத்தில் 87 மீட்டர்தான்.