கையெழுத்து மட்டும் போதுமா?

வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3 மணி. அரசுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை.

பெஞ்சுகளில் தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பூக்கட்டும் அம்மா ஒருவர். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா ஒருவர். ஆட்டோ ஓட்டும் அப்பா ஒருவர். எதிரே தலைமை ஆசிரியர்.

இது சாதாரணக் கூட்டம் அல்ல. பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது என்று கலந்து பேசி முடிவு செய்யும் கூட்டம். இதற்கு "பள்ளி மேலாண்மைக் குழு" என்று பெயர்.

"நாங்கள் முடிவு செய்வதா? எங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறீர்களா? சட்டம் அப்படிச் சொல்லவில்லையே!

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் 21-வது பிரிவுதான் இந்தக் குழுவைப் பற்றியது.

குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். ஏழை எளியவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்களோ, அந்த அளவுக்கு அவர்களுடைய பெற்றோருக்கும் இடம் உண்டு.

வேலை என்ன? பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது. வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது. வருங்காலத்துக்குத் திட்டம் தீட்டுவது. மூன்றும் முக்கியம்.

அந்தச் சட்டம் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான். ஆனால் தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழுவை அமைத்தார்கள். 2022-ல் 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக ஏற்பட்டன. 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது அது 24 ஆயிற்று. அந்தப் பள்ளியிலேயே படித்து வெளியேறிய பழைய மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

தலைவர் யார்? தலைமை ஆசிரியர் அல்ல. பெற்றோரில் ஒருவர்!

ஆசிரியர்களின் ஊர்

சைதாப்பேட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய உறவு. சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆசிரியர்களைத் தயார் செய்த கல்லூரி இங்கேதான் இருக்கிறது. பின்னாளில் ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றது அந்தக் கல்லூரியில்தான். அவர் பிறந்த நாளை நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது.

ஆசிரியர்களை உருவாக்கிய ஊர், இப்போது பெற்றோரும் பாடம் கற்க வேண்டிய ஊர்.

ஏன் என்று கேளுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டது. கரையோரக் குடிசைகள் மூழ்கின. பள்ளிக்கூடங்களில் தஞ்சம் புகுந்தவர்கள் பலர். அதன்பிறகு, அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல தூரத்துப் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. படிப்பு ஆண்டு நடுவில்! பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சிலர் பஸ் ஏறிப் பழைய பள்ளிக்கே வந்தார்கள். சிலர் படிப்பையே விட்டார்கள்.

வராத பையன் எங்கே போனான் என்று வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். "அவன் மெக்கானிக் ஷாப்பில் நிற்கிறான்" என்று கூட்டத்தில் சொல்ல அவரால்தான் முடியும். இதற்குத்தான் பெற்றோர் வேண்டும். கைதட்ட அல்ல.

என்னென்ன பேசலாம்?

கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவி மூன்று மாதம் ஆகிறது. 10-ம் வகுப்புக்கு மாலையில் தனி வகுப்பு நடக்கிறது; முடிந்து வரும் பெண் பிள்ளைகள் இருட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எப்படிப் போவார்கள்? கணக்கு வாத்தியார் இடம் காலியாக இருக்கிறது. ஆண்டு விழாவை எப்போது வைப்பது? எல்லாம் பேசலாம். பேசியதைத் தீர்மானமாக எழுத வேண்டும்.

ஆசிரியர் காலியிடம் என்றதும் ஒரு சங்கதி நினைவுக்கு வருகிறது. 2022-ல் அரசு ஒரு முடிவு எடுத்தது. 13,331 காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை இந்தக் குழுக்களே நியமிக்கலாம் என்றது. சம்பளம், இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 10 ஆயிரம். முதுகலை ஆசிரியருக்கு 12 ஆயிரம்.

உடனே கூச்சல் கிளம்பியது. "வேண்டியவர்களுக்கு வேலை போய்விடும்" என்றார்கள். மதுரை ஐகோர்ட்டுக் கிளைக்கு வழக்குப் போயிற்று. இடைக்காலத் தடை வந்தது. தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று அரசு விதியை இறுக்கியது.

அந்தப் பயம் நியாயமானதே. அதிகாரம் வந்தால் சிபாரிசும் பின்னால் வரும். அதற்காக அதிகாரமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எனக்குச் சம்மதம் இல்லை. 24 பேர் கண்ணுக்கு முன்னால் நடப்பது, ஒருவர் அறைக்குள் நடப்பதைவிட மேல்.

சிகாகோவில்...

அமெரிக்காவில் சிகாகோ நகரம். அங்கே 1988-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சபை. அதில் பெற்றோர் 6 பேர். அக்கம்பக்கத்தார் 2 பேர். ஆசிரியர்கள் 2 பேர். தலைமை ஆசிரியரும் உண்டு. உயர்நிலைப் பள்ளியானால் மாணவர் ஒருவரும் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியரை நியமிக்கும் அதிகாரத்தையே அந்தச் சபைகளிடம் கொடுத்தார்கள்!

நம் ஊர் மாணவர்கள் குரல் கொடுக்க வேறு வழிகள் ஏற்பட்டன. அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி வைத்தார்கள். குறையை எழுதி அதில் போடலாம். 14417 என்ற எண்ணில் பள்ளிக் கல்வித் துறைக்குப் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. 2024 நவம்பரில் "மகிழ் முற்றம்" வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்துப் பொறுப்புகளைக் கொடுத்தார்கள்.

கூலி போகிறதே!

எல்லாம் சரி. கூட்டம் பிற்பகல் 3 மணிக்கு. வேலை நாள். கூலி வேலை செய்யும் தாய் வந்தால் அரைநாள் கூலி போகும். வராவிட்டால் கூட்டம் நடக்காது. ஆகவே என்ன ஆகிறது? மறுநாள் வீட்டு வாசலுக்கு நோட்டு வருகிறது. "அம்மா, இங்கே ஒரு கையெழுத்து!"

போட்டுவிடுகிறார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்தும் கேட்கக் கூச்சம். வாத்தியார் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கு வசதியாக மாலை 6 மணிக்குக் கூட்டம் வைத்தால் என்ன? ஆசிரியர்களுக்குச் சிரமம்தான். அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. ஆனால் இந்த நேரப் பிரச்சினையையே குழுவில் முதல் தீர்மானமாக வைத்துப் பேசலாமே!

அடுத்த முறை நோட்டு வந்தால், "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லுங்கள். உள்ளே வரச் சொல்லி உட்கார வையுங்கள். எழுதியிருப்பதை உங்கள் மகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். போன மாதத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பேனாவை வாங்குங்கள்.