பழைய பையும் பழகிய கையும்

ஆம்பூர் அருகே சேரி வீடொன்றின் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஷூ கம்பெனி வேலை போன அக்கா ஒருவர், வியாபாரி கொண்டுவந்து போடும் பழைய தோல் கைப்பைகளைப் புதுப்பிக்கிறார்.

பையைக் கவிழ்த்துத் தட்டி, காய்ந்த துணியால் துடைக்கிறார். தண்ணீரில் முக்குவதில்லை, முக்கினால் தோல் விறைத்துவிடும். சோப்பு நுரையைத் துணியில் தொட்டு ஒத்தி எடுக்கிறார். பூஞ்சைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. உள்ளே வெள்ளைத்தாள் திணித்து நிழலில் உலர்த்துகிறார். செய்தித்தாள் கூடாதாம், மை ஒட்டுமாம். எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்! கடைசியில் வெளிறிய ஓரங்களுக்குச் சாயம், மேலே மெழுகுப்பூச்சு.

ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டவரின் பேத்தி அவர். தோலைத் தொட்டதற்காக ஊர் ஒதுக்கிவைத்த குடும்பம். அதே தோல் பையாகித் தோளில் தொங்கினால் அந்தஸ்து.

பைக்கு இவ்வளவு என்று கூலி. கறை போகாத பைக்குக் கூலி கிடையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பேச்சே இல்லை. காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென நலவாரியம் இருக்கிறது, பதிவு செய்யுங்கள் என்றோம்.

"இந்த வேலைதான் செய்யறேன்னு யாரு கையெழுத்துப் போடுவாங்க தோழர்? வியாபாரி போடமாட்டாரு."

அடுத்த வாரம் அவருடன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறோம்.