உக்ரேனியக் கால்பந்து வருணனை: உள்நாட்டுக் கூறும் உலகக் கூறும்

உக்ரேனிய மொழியில் கால்பந்தாட்டத்தை வருணிப்போர் இரண்டு களங்களை ஒருங்கே நோக்க வேண்டியவராவர். ஒன்று, கீவ், லிவீவ் முதலிய நகரங்களின் குழுக்கள் மோதும் உள்நாட்டுப் போட்டி. மற்றொன்று, இங்கிலாந்து, ஸ்பெயின் முதலிய நாடுகளின் போட்டிகள். எதற்கு எவ்வளவு இடம் என்பது செய்தித் தேர்வு மட்டுமன்று, மொழிச் சிக்கலுமாகும். சோவியத் காலத்தில் ஒன்றியம் முழுமைக்குமான வருணனை உருசிய மொழியிலேயே அமைந்தது. விடுதலைக்குப் பின்னரும் உக்ரேனியர் பலர் உலகக் கால்பந்துச் செய்தியை உருசிய மொழி வாயிலாகவே பெற்றுவந்தனர். உக்ரேனியத்தில் பேசத் துணிந்தவர் பெரியதொரு பொதுச் சந்தையைக் கைவிட வேண்டியிருந்தது. 2014, 2022 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளே அந்நிலையை விரைந்து மாற்றின.

உள்நாட்டு ஆட்டத்தைத் தாய்மொழியிலும் உலக ஆட்டத்தைப் பிறமொழியிலும் கேட்கும் பழக்கம் நிலைத்திருந்தால், உக்ரேனியம் வட்டார மொழி என்ற அளவிலேயே சுருங்கியிருக்கும். எனவே அயல்நாட்டு ஆட்டங்களை மிகுதியாகப் பேசுவதை உள்நாட்டுப் பற்றின்மை எனக் கொள்வது பொருந்தாது. மேலும், இவ்விரு களங்களும் முற்றிலும் தனித்தனியானவையும் அல்ல. தினீப்ரோ-1 குழுவிலிருந்து 2023இல் ஜிரோனா சென்ற அர்த்தெம் தோவ்பிக், 2023-24 பருவத்தில் 24 கோல்களுடன் ஸ்பெயின் முதற்பிரிவில் முதலிடம் பெற்றார். அவரைப் பற்றிய உரை எக்களத்தைச் சேர்ந்தது என வரையறுப்பது எளிதன்று.

சொல்லாட்சியிலும் இவ்விரு நிலைகளைக் காணலாம். மேற்கு உக்ரேனில் ஒரு காலத்தில் 'கோபனிய் மியாச்' என்ற தொடர் வழங்கிற்று. உதைக்கப்படும் பந்து என்பது அதன் பொருள். ஈழத்தமிழரின் 'உதைபந்து' ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. இன்று 'ஃபுட்போல்' என்பதே வழக்கு. ஆனால் ஆட்டக்காரரைக் குறிக்கும் சொற்கள் மொழியின் இயல்புக்கேற்ப அமைந்துள்ளன. முன்கள வீரரை உருசியர் 'நபதாயுஷி' என்பர்; இது தமிழின் வினையாலணையும் பெயரை ஒத்தது. அத்தகைய நிகழ்கால வடிவங்களை உக்ரேனிய எழுத்து வழக்கு பொதுவாக விரும்புவதில்லை. ஆதலின் செய்வோனைக் குறிக்கும் '-னிக்' விகுதி பெற்று 'நபாத்னிக்' என வழங்குகிறது.

வீரர் பெயர்களில் வேறுபாடு செவிக்கே புலனாகும். ஹகர ஒலி பொது உருசியத்தில் தனி ஒலியனாக இல்லை. எனவே நார்வே வீரர் ஹாலண்டின் பெயரை உருசியர் 'கோலந்த்' என்பதுபோல் முதலெழுத்தை உரசி ஒலிப்பர். இங்கிலாந்தின் ஹாரி கேன் அவர்களிடம் 'காரி' ஆகிறார். உக்ரேனியத்திலோ ஹகரத்திற்குத் தனி எழுத்தே உண்டு. ககரத்தின் குரலொலி வடிவிற்குரிய எழுத்து 1933இல் நெடுங்கணக்கிலிருந்து நீக்கப்பட்டு 1990இல் மீண்டது. ஆயினும் மிகுதியாக ஒலிக்கும் 'கோல்' என்னும் சொல் பழைய எழுத்தையே தாங்கி நிற்கிறது. பந்து வலைக்குள் புகும்போது உக்ரேனிய வருணனையாளர் உரக்கக் கூவுவது 'ஹோல்' என்றுதான்.