800 கிலோமீட்டருக்குப் பிறகு

ரீபோர் செய்து புது பிஸ்டனும் ரிங்கும் போட்ட எஞ்சினில், ரன்னிங்-இன் முடிவதற்குள் மெக்கானிக் வைத்த அளவுகள் பலவும் நகர்ந்திருக்கும். சூட்டில் ஹெட் கேஸ்கெட் சற்று அமுங்கும்; உரசும் பரப்புகளின் மேடுகள் தேயும். அம்பாசிடரின் பழைய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி ‘பி’ வரிசையின் வாரிசு. அதில் சுமார் 800 கிலோமீட்டரில் இந்த அளவுகளைத் திரும்பப் பார்ப்பது வழக்கம். எதை முதலில் தொடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஆயிலை எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். ஆறினால் துகள்கள் அடியில் தங்கிவிடும். வடித்த ஆயிலில் மாவுபோன்ற மினுக்கம் தெரிந்தால் கவலையில்லை, ரிங் படிந்ததன் மிச்சம் அது. விரலில் நெருடும் செதில் வந்தால் காந்தத்தைக் காட்டிப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு: கேம், டேப்பெட், ரிங் என்று தேட வேண்டும். ஒட்டாவிட்டால் பேரிங்கோ பிஸ்டனோ தேய்கிறது. காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. புதிதாக ஊற்றும் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மம் போதிய அளவு இருக்க வேண்டும். டேப்பெட் கேமின்மேல் வழுக்கி ஓடும் இந்த அமைப்பைக் காப்பது அதுதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குக் கேடு என்பதால் இன்றைய கார் ஆயில்கள் பலவற்றில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் ஹெட் நட்டுகள். நடுவில் தொடங்கி வெளியே நகர்ந்து, ஒவ்வொன்றையும் சிறிது தளர்த்தி, டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்த்தாமல் இறுக்கினால் பிடித்துப்போன மரை பொய்க் கணக்குக் காட்டும்.

டேப்பெட் அதற்குப் பிறகுதான். கேஸ்கெட் அமுங்க அமுங்க ஹெட் கீழிறங்கும். தள்ளுகம்பியின் நீளமோ மாறாது. ஆகவே வால்வு இடைவெளி குறையும். முதலிலேயே டேப்பெட் செட் செய்திருந்தால் அந்த உழைப்பு வீண். இடைவெளி அடியோடு போனால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையில் முழுதாகப் பதியாது. சூட்டை இறக்க வழியின்றிக் கருகும். இந்த வரிசையில் வழக்கமான இடைவெளி 0.015 அங்குலம், ஏறத்தாழ 0.38 மி.மீ. எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பதின் கணக்கு உண்டு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் முதலாவதை, ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதை. இரண்டும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. இதைவிட எளிய உத்தி பட்டறையில் குறைவு.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் உரசும் குதியும் இதற்குள் தேய்ந்திருக்கும். இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். எனவே பாயிண்ட், பிறகு டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர். ஃபேன் பெல்ட்டையும் ஹோஸ் கிளிப்புகளையும் ஒருமுறை இறுக்கினால் போதும்.

கம்ப்ரஷன் சோதனைக்கு எஞ்சின் சூடாக இருக்க வேண்டும்; நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துச் சுழற்ற வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் இன்னும் படியவில்லை. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும்; அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால், நடுவில் கேஸ்கெட் விட்டிருக்கிறது.