தோட்டத்துரை தொடக்கிய மதம்

விக்கா என்று ஒரு மதம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 பேர் தங்கள் மதம் அதுதான் என்று எழுதினார்கள். பொதுப்படப் 'பேகன்' என்று எழுதியவர்கள் 74,000 பேர். கிறிஸ்தவம் வருமுன் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த கெல்ட்டியர் கும்பிட்ட தெய்வங்களைத்தான் தாங்களும் கும்பிடுவதாக இவர்களில் பலர் நம்புகிறார்கள். ஆனால், இந்த மதத்தை உலகுக்குக் காட்டியவர் மஸ்கெலியாவில் தேயிலைத் தொழில் பழகியவர் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

ஜெரால்ட் கார்ட்னர் 1900இல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது பதினாறு. தொய்வுக்காரர், பள்ளிக்கூடப் படிப்பென்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் லாட்புரோக் தோட்டம், பிறகு ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே நொன்பரெயில் தோட்டம். 1910இல் கொழும்பில் பிரீமேசன் என்ற இரகசியச் சடங்குச் சங்கத்தில் சேர்ந்தார். பின்பு போர்ணியோ, மலாயா என்று சுற்றிச் சுங்க அதிகாரியாக இருந்து, மலாயரின் கிரிஸ் கத்தியைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், 1939இல் நியூ பாரஸ்ட் பகுதியில் ஒரு சூனியக்காரிகள் குழு தனக்குத் தீட்சை தந்ததாகச் சொன்னார். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து அவருடைய 'விட்ச்கிராப்ட் டுடே' வெளிவந்தது.

அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மரே. ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு புராதன மதத்தின் அடியார்கள் என்று 1921இல் எழுதியவர் அவர். அந்தக் கருத்தை இன்று எந்த வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை. விக்காவின் சடங்குகளைப் பிரித்துப் பார்த்தால் கண்கட்டு, சத்தியப் பிரமாணம், மூன்று படித் தீட்சை என்று பிரீமேசன் சாமான்கள்தான் நிறைய. நடுவில் சடங்குக் கத்தி வேறு. கத்திப் பிரியர் ஒருவர் தொடக்கிய மதத்தில் கத்தி இல்லாமல் போனால்தான் அதிசயம். பாடல்களையும் வாசகங்களையும் 1950களில் டொரீன் வாலியன்டே திருத்தி எழுதினார். ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மதம் இருபதாம் நூற்றாண்டுப் பிறப்பு என்பதை ஐயமற நிறுவியது.

அப்படியானால் கெல்ட்டியரின் மதம் எங்கே போனது? துரூயிட் குருமார் தங்கள் படிப்பை எழுத்தில் வைப்பதில்லை, சிலர் இருபது வருடம் இருந்து மனனம் செய்தார்கள், மறுபிறவியைப் போதித்தார்கள் என்று யூலியஸ் சீசர் எழுதிவைத்தார். அவர்களோடு போர் செய்தவரின் சாட்சியம் அது. கி.பி. 60 அளவில் ரோமப் படை ஆங்கிள்சி தீவுக்குள் புகுந்து துரூயிட்டுகளைக் கொன்று புனிதத் தோப்புகளை வெட்டியது. மனனத்தில் இருந்த படிப்பு ஆட்களோடு போயிற்று. அயர்லாந்துக் கெல்ட்டியரின் கதைகளைப் பல நூற்றாண்டு கழித்து எழுதியவர்களோ கிறிஸ்தவத் துறவிகள்.

எஞ்சியவை துண்டுகள்தான். ஆனால் நல்ல துண்டுகள். டென்மார்க்கில் 1891இல் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையில் கலைமான் கொம்போடு ஒரு தெய்வம் சம்மணமிட்டு இருக்கிறது. ஒரு கையில் பாம்பு. மே மாதத் தொடக்கத்துப் பெல்டேன் நாளில் இரண்டு தீ மூட்டி, நோய் அண்டாதபடி மாடுகளை நடுவால் ஓட்டினார்கள் என்று பழைய ஐரியச் சொற்கோவை ஒன்று சொல்கிறது. பட்டி மாடு வைத்திருக்கும் வன்னிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விக்காவினரின் எட்டுத் திருநாள்களில் பெல்டேன், சவின் உள்ளிட்ட நான்கு அயர்லாந்திலிருந்து வந்தவை. மற்ற நான்கையும் சூரியன் திரும்பும் நாள்களிலும் பகலும் இரவும் சமமாகும் நாள்களிலும் வைத்து எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950களில். துரூயிட்டுகளுடையவை என்று பலர் நினைக்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களோ அவர்களுக்கு இரண்டாயிரம் வருடம் முந்தியவை.

புதிது என்பதால் அது பொய் மதம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மதத்தின் வயதுக்கும் அதன் அடியாரின் பக்திக்கும் தொடர்பில்லை. அறுந்ததைப் பிறகு புத்தகம் பார்த்துக் கட்டினால் அது வேறொன்றாகத்தான் வரும் என்பதே என் பேச்சு. அறாமல் கைமாறி வருவது எப்படி இருக்கும் என்பதை வன்னியில் புளியங்குளத்துப் பக்கம் வந்து பார்க்கவேண்டும்.

புளியங்குளத்துக்கு அண்மையில் புதூர் நாகதம்பிரான் கோயில் இருக்கிறது. பொங்கல் என்றால் வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் சனம் வரும். பாம்புக்கு அஞ்சி வயலில் இறங்கும் மக்களின் தெய்வம் அவர். 1997இல் இலங்கை இராணுவத்தின் ஜெயசிக்குறு படைநடவடிக்கையின்போது புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாக இருந்தது. ஊர் கிளம்பிப் போனது. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பிய சனத்துக்குப் பொங்கல் வைக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. பானையை எந்தப் பக்கம் வைப்பது, யார் முதலில் தொடுவது என்பதெல்லாம் தெரிந்த கிழவர்கள் இடம்பெயர்ந்த முகாம்களிலும் உயிரோடு இருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலிலும் அப்படியே: பாக்குத்தெண்டல், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பது, மடை பரவுவது எல்லாம் கைமாறி வந்த வேலைகள்.

அதற்காக நம்முடையது மாறாத புராதனம் என்று நெஞ்சு நிமிர்த்தவும் முடியாது. ஆறுமுகநாவலர் கண்ணகி வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் நாகபூஷணி என்றும் பெயர் மாற்றிக்கொண்டன. பல இடங்களில் உயிர்ப்பலி வேள்விகள் நின்றன. போருக்குப் பின் வன்னியிலும் குளக்கட்டில் மரத்தடியில் இருந்த ஐயனாருக்குச் சீமெந்துக் கோபுரம் எழும்புகிறது, பூசாரி இருந்த இடத்துக்கு ஐயர் வருகிறார். வெளிநாட்டுக் காசில் வருகிற கோபுரத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் கட்டாடியார், பூசாரியார் கையிலிருந்த முறை அந்தக் கும்பாபிஷேகத்தோடு முடிந்துபோகிறது. ரோமப் படை வந்துதான் ஒரு வழிபாடு அழியவேண்டும் என்றில்லை.

உங்கள் ஊர்க் கோயிலில் மடை வைக்கிறவர், சிலம்பு கூறல் படிக்கிறவர், உடுக்கடித்துப் பாடுகிறவர் இன்னும் இருந்தால், வருகிற பொங்கலுக்கு அவர்களிடம் அனுமதி கேட்டு முழுவதையும் தொலைபேசியிலேனும் பதிந்துவையுங்கள். பிள்ளைகள் யாரையேனும் பக்கத்தில் நிறுத்திக் கற்கச் செய்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பரணில் ஏடு கிடந்தால் மஞ்சள் பூசி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அத்தகைய ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் வேலையை நூலக நிறுவனம் 2005ஆம் ஆண்டிலிருந்து செய்துவருகிறது.