பந்தியில் இடம் பிடிக்க ஒரு பன்றி

1984இல் வெளிவந்த ‘எ பிரைவேட் ஃபங்ஷன்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தின் கதை, 1947இல் யார்க்ஷயர் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. போர் முடிந்தும் இறைச்சிக்கு ரேஷன் நீங்காத காலம். (அது நீங்க 1954 ஆனது.) இளவரசி எலிசபெத்தின் திருமணத்தையொட்டி விருந்துண்ண, டாக்டர், வக்கீல் முதலான ஊர்ப் பெரிய மனிதர்கள் கள்ளத்தனமாகப் பன்றி ஒன்றை வளர்க்கிறார்கள். அழைப்பு கிடைக்காத பாத மருத்துவர் கில்பர்ட் அதைத் திருடி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறார். அவருக்குக் கொல்ல மனம் வரவில்லை; மனைவி ஜாய்ஸுக்கோ இரக்கமே இல்லை.

ஜாய்ஸுக்கு இறைச்சியைவிட அந்தஸ்துதான் முக்கியம். வீடே நாறினாலும் சீமாட்டித் தோரணையை விடாத அவராக மேகி ஸ்மித் நடித்திருப்பதே படத்தின் உயிர். ஆலன் பென்னட்டின் திரைக்கதை யாரையும் வெறுக்காமல் எல்லோரையும் கேலி செய்கிறது. மேகி ஸ்மித், டென்ஹோம் எலியட், லிஸ் ஸ்மித் மூவருக்கும் இப்படம் பாஃப்டா விருது பெற்றுத் தந்தது.